நிர்வாணம் என்னும் வடசொல்லும் வீடு என்னும் தமிழும்



‘புத்தர் நிர்வாணம் எய்தினார்’ என்னும் தொடரை ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துப் பொருள் கேட்டால், அப்பிள்ளை நாணித் தலைகுனியும், அன்றேல் நகைக்கும். பிழை பிள்ளையினுடையதன்று. தமிழ்நாட்டுத் தெருவில் அச்சொல்லுக்கு உடையின்மை என்பதே பொருள். ஒரு பேரறிஞர் 45 ஆண்டுகள் ஊர் ஊராய் நடந்து உணர்த்திய முடிந்த நிலைக்கு இங்கு வந்துற்ற இழிவு இது!

வடமொழியில் ‘வா’ என்னும் வேர் காற்று வீசுதலைக் குறிக்கும். ‘நிர்’ என்னும் முன்னொட்டுச் சேர, ஊதி அவிந்த நிலை என்றாகும். பாலி மொழியில் அது ‘நிப்பானம்’. நெய்யும் திரியும் தீர்ந்தவிடத்துச் சுடர் அவிவது போல, அவா, வெகுளி, மயக்கம் என்னும் முத்தீயும் அவிதலே புத்தர் கொண்ட பொருள். ஆளே இன்றி அழிந்துபோதல் என்று இதற்கு உரை கூறுவார் உளர், அது பொருந்தாது. விடுபட்டவன் இறந்தபின் எங்குப் பிறப்பான் என்று வச்சகோத்தர் என்னும் துறவி வினவினார். அவிந்த தீ கிழக்கே சென்றதா, மேற்கே சென்றதா என்று எதிர்வினா விடுத்தார் புத்தர். அவ்வினாவே பொருந்தாது என்பதுதான் அவர் விடை. மேலும், உடம்போடு இருக்கையில் எய்தும் நிலை, உடம்பு வீழ்ந்தபின் ஏதும் எஞ்சாது முடியும் நிலை என அந்நெறியார் இதனை இரண்டாகப் பகுத்துள்ளனர். உயிரோடிருக்கும்போதே எய்தலாகும் ஒன்றை அழிவு என்பது எங்ஙனம்?

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்திலிருந்து உரை வரைந்த புத்தகோசர், ‘வான’ என்பதை அவா எனக் கொண்டு, அவாவினின்று நீங்குதல் என இச்சொல்லைப் பிரித்துக் காட்டினார். சொற்பிறப்பு என்னும் அளவில் அது வலிந்து கொண்டதே, கருத்தில் பிழையில்லை. நாகார்ச்சுனரோ பிறவிச் சுழலுக்கும் நிர்வாணத்திற்கும் இம்மியும் வேறுபாடில்லை என்னும் எல்லைவரை சென்றார்.

வேத நெறியாரின் பழைய பெரிய உபநிடதங்கள் விடுதலையைப் பேசினும், இச்சொல்லை அதற்குப் பெயராக்கவில்லை. கீதையில்தான் ‘பிரம நிர்வாணம்’ வருகிறது. 2ஆம் இயலின் இறுதிப் பாட்டிலும், 5ஆம் இயலின் மூன்று பாட்டுகளிலும். அங்கே கருத்து அவிதலன்று. பிரமத்திற் சென்று ஒன்றுதல். அதே நூலின் 6ஆம் இயல், அடங்கிய உள்ளத்தைக் காற்றில்லாவிடத்தே அசையாது நின்றெரியும் விளக்கிற்கு உவமிக்கிறது. ஒருவர்க்கு விளக்கு அவிதல் வேண்டும். மற்றவர்க்கு அது நடுங்காது எரிதல் வேண்டும். பெயர் மட்டும் ஒன்று! சிவநெறியார் தம் மூன்றாம் தீக்கைக்கு ‘நிருவாண தீக்கை’ எனப் பெயரிட்டனர். அங்கு மலப்பிணிப்பு அறுதலே கருத்து.

உடையின்மைப் பொருள் எங்கிருந்து வந்தது? சமணருள் திகம்பரத் துறவியர் உடை துறந்து அந்நிலையை நாடினர். நாடிய நிலையின் பெயரே நாடியவர் தோற்றத்தின் பெயராயிற்று எனக் கொள்வதே இயல்பு. வேர் விளங்காத சொல்லைப் பெற்ற மக்கள் நா, கண்ணுக்குப் பட்டதையே பொருளாக்கிக் கொண்டது.

ஆனால் தமிழில் புத்த நெறி பாடிய சாத்தனார்க்கு அந்த இடர்ப்பாடு இல்லை. மணிமேகலையில் அவர் ‘அவித்யா’ என்பதைப் பேதைமை என்றார், ‘திருட்ணா’வை வேட்கை என்றார், ‘நாமரூப’த்தை அருவுரு என்றார். முடிந்த நிலையை வீடு என்றார். விடு என்னும் முதனிலை நீண்டு வீடாயிற்று; விடுதலே அதன் பொருள் என்பதை எழுத்தறியாதவரும் உணர்வர். அவிதல் என்னும் வினையும் தமிழில் ஆழமுடையது. சுடர் அவிதலும் அதுவே. புலன் அடங்குதலும் அதுவே. ஐம்புலன்களை அடக்குதலைத் திருக்குறள் அவித்தல் என்றே சொல்கிறது. ‘நிர்வாணம்’ சுமக்க வந்த இரு பொருளையும் அவ்வொரு வினை முன்னரே சுமந்து நின்றது.

இன்னும் ஒன்று. மாலையில் ஏற்றிய விளக்கை ‘அணை’ என்று சொல்லத் தமிழ்ப் பெண்டிர் வாய் கூசும். ‘குளிர வை’ என்பர். அவாத் தீ அவியப்பெற்றவனைப் பாலி நூல்களும் ‘குளிர்ந்தவன்’ என்றே அழைக்கின்றன.