அஞ்சு போன், ஒரே கம்ப்யூட்டர்: எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?

(வெள்ளகோவிலில் களப்பணியாளர்களிடமும் இ-சேவை மையம் நடத்துபவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குப் பேசப்போற விஷயம் கேட்கச் சின்னதாத் தெரியும். அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வெளியே சுத்தி வர்ற போனும் டேப்லெட்டும் நாலோ அஞ்சோ இருக்கு. சாயங்காலம் எல்லாம் வந்து அந்த ஒரே கம்ப்யூட்டரில் அன்றைய வேலையை இறக்கி வைக்கணும். இறக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும்? கணக்கெடுப்புக்குப் போனவர் ஒரு பாட்டியின் ஓட்டு வீட்டைப் படம் எடுத்திருப்பார். இன்னொரு போனில் இருந்து வந்த வேறொரு படம் அதே பெயரில் அதன் மேல் உட்கார்ந்துவிடும். அது பாட்டிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மூணு மாசம் கழித்து, ஆவணம் இணைக்கப்படவில்லை என்று மனு திரும்பி வரும்போதுதான் தெரியும். அப்புறம் அவங்க மறுபடி பஸ் ஏறி வரணும்.

பஸ் என்றதும் ஒன்று சொல்லணும். இந்த வேலையை நமக்கு முன்னாடியே செய்துகொண்டிருப்பவர்கள் பஸ் டிப்போக்காரர்கள்தான். நம்ம ஊர் கோயமுத்தூர் - கரூர் ரோட்டு மேலேயே இருக்கு, கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினைப் பார்க்காதவர் இங்கே யாரும் இல்லை. வண்டி கிளம்பும் முன் அந்த மெஷினில் வழித்தடம், ஸ்டேஜ், கட்டணம் எல்லாம் ஏற்றித் தருவார்கள். வேலை முடிந்து திரும்பி வந்தால் அதில் உள்ள கணக்கு டிப்போ கம்ப்யூட்டருக்கு இறங்கும். எந்த மெஷின், எந்த கண்டக்டர், எந்த நடை, இந்த மூணும் சேர்ந்தால்தான் அது கணக்கு. மெஷின் வருவதற்கு முன் காகித டிக்கெட் கட்டு இருந்த காலத்திலும் இதுதான் முறை: போகும்போது கட்டின் முதல் எண்ணை எழுதணும், வரும்போது மிச்சம் நிற்கும் எண்ணை எழுதணும். 2021 மே மாசம் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் இதன் மதிப்பு இன்னும் கூடியது. காசு வாங்காவிட்டாலும் அந்தச் சீட்டுக்கும் கணக்கு உண்டு, அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருது. ஒரு மெஷின் ரெண்டு தடவை இறங்கினாலும் தப்பு, இறங்காமல் விட்டாலும் தப்பு.

இன்னொரு உதாரணம் உங்க வீட்டிலேயே இருக்கு. மின்கட்டணம் கட்டப் போனால் வெறும் "247" என்று சொன்னால் போதுமா? போதாதுங்க. மண்டலம், பிரிவு, பகிர்மானம் இதற்கெல்லாம் எண் சொல்லி, கடைசியில்தான் இணைப்பு எண் 247 வரும். ஏன்? ஒவ்வொரு பகிர்மானத்திலும் ஒரு 247 இருக்கும். ஒருத்தர் ரீடிங் இன்னொருத்தர் பேரில் விழுந்தால் சும்மா இல்லை: வீட்டு இணைப்பில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். விசைத்தறிக்காரருக்கு 2023 முதல் 1,000 யூனிட் இலவசம், அதுவும் குழம்பும். நம்ம பகுதியில் தறி ஓட்டுபவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இப்ப நம்ம போனுக்கு வருவோம். யு.எஸ்.பி. கேபிளில் போனைச் சொருகினால் கம்ப்யூட்டர் முதலில் கேட்பது மூணு விஷயம்: யார் தயாரிச்சாங்க, என்ன மாடல், உன் வரிசை எண் என்ன. ஒரே டெண்டரில் வாங்கிய அஞ்சு போனுக்கும் முதல் ரெண்டு பதிலும் ஒன்றுதான், அதனால் திரையில் அஞ்சும் ஒரே பெயரில் வந்து நிற்கும். பிரித்துக் காட்டுவது வரிசை எண் மட்டும். மலிவான சில கருவிகளில் அந்த எண்ணே இருக்காது. சிலதில் தொழிற்சாலையிலேயே எல்லாத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். எண் இல்லாத கருவியைக் கம்ப்யூட்டர், சொருகிய ஓட்டையை வைத்துத்தான் ஞாபகம் வைக்கும். நேற்று இடது பக்கம், இன்னைக்கு வலது பக்கம் சொருகினால் அதைப் புதுசாக நினைத்துக்கொள்ளும். "நேத்து வேலை செஞ்சது, இன்னைக்கு டிரைவர் கேட்குது சார்" என்று எனக்கு வரும் போன் கால்களில் பாதி இதுதான்.

அதனால் பெயர் வைக்கும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடம் விடாதீங்க, நீங்களே வைங்க. போனில் செட்டிங்ஸ் போய், 'போனைப் பற்றி' என்ற பகுதியில் கருவியின் பெயரை மாற்றலாம். "ரெட்மி", "சாம்சங்" என்று இருப்பதை எடுத்துவிட்டு ஊர்ப் பெயரோடு எண் கொடுங்க: வெள்ளகோவில்-1, வெள்ளகோவில்-2. அதே பெயரைப் போன் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டுங்க. தயவுசெய்து ஆள் பெயர் வைக்காதீங்க. ஆள் மாறுவார், போன் மாறாது.

பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி வைங்க. ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் போட்டால் 15 இலக்கம் வரும். ரெண்டு சிம் போன் என்றால் ரெண்டு எண் வரும், ரெண்டையும் எழுதணும். நிறைய பேர் முதல் நாலு இலக்கத்தை மட்டும் எழுதி வைக்கிறாங்க, அதில் பிரயோஜனம் இல்லை. முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்வது, அடுத்த 6 இலக்கம்தான் அந்தப் போனின் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். சுருக்கமாக எழுதணும் என்றால் கடைசி ஏழை எழுதுங்க.

இனி படங்கள். பெரும்பாலான கேமராக்கள் தேதியையும் நேரத்தையும் வைத்து, நொடி வரைக்கும், பெயர் வைக்கும். ரெண்டு பேர் ஒரே நொடியில் எடுப்பது அபூர்வம் என்று நினைப்பீங்க, சரிதான். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் பெயரைக் கவனிச்சிருக்கீங்களா? தேதி, அதற்குப் பின்னால் 0003, 0004 என்று ஓர் எண். அது அந்தப் போனில் அன்றைக்கு எத்தனையாவது படம் என்பது. அப்படியென்றால் அஞ்சு போனிலும் இன்றைய மூணாவது படத்துக்கு ஒரே பெயர்! எல்லாத்தையும் ஒரே கோப்புறையில் கொட்டினால், "ஏற்கெனவே இருக்கு, மாற்றிவிடவா?" என்று விண்டோஸ் கேட்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவசரத்தில் நாம் என்ன அழுத்துவோம் என்று உங்களுக்கே தெரியும். இதோடு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவும் குறையும், எடுத்த இடத்தின் விவரமும் போய்விடும். கள ஆய்வுக்கு இடம்தான் முக்கிய சாட்சி. அதனால் கேபிளில் இறக்குங்க. முடியாவிட்டால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்க. கம்ப்யூட்டரில் கருவிக்கு ஒரு கோப்புறை, அதற்குள் தேதிக்கு ஒரு கோப்புறை என்று வைத்துவிட்டால் மோதல் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி, 'சிங்க்' என்று சொல்கிறோமே, அதில் இருக்கு. நகல் எடுப்பதும் சிங்க் செய்வதும் ஒன்றில்லை. நகல் ஒரு வழிப் பாதை. சிங்க் என்றால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகணும். அப்போ போனில் இடம் போதவில்லை என்று நீங்கள் அழிப்பது கம்ப்யூட்டரிலும் அழியலாம். கூகுள் போட்டோஸில் படத்தை அழித்தால் சேமித்து வைத்த நகலும் சேர்ந்து போகும். இடத்தைக் காலி செய்ய அதிலேயே தனி வசதி இருக்கு, அது போனில் உள்ளதை மட்டும் நீக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது.

ஒரே மனுவை ரெண்டு பேர் திருத்தியிருந்தால் யார் திருத்தியது நிற்கும்? பல மென்பொருள்கள் 'பிந்தியதே நிற்கும்' என்று முடிவு செய்யும். பிந்தியது எது என்பதைப் போனின் கடிகாரத்தை வைத்தே பார்க்கும். பேட்டரி முழுசா தீர்ந்து எழுந்த பழைய போன் சிலது 1970 ஜனவரி 1 என்று காட்டும். அதில் இன்று செய்த வேலை எல்லாம் ஐம்பது வருஷப் பழசாகித் தோற்றுப்போகும். நேரத்தை நெட்வொர்க் தானே எடுத்துக்கொள்ளும்படி வைங்க, காலையில் கையில் வாங்கும்போதே ஒரு தடவை பாருங்க.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததில்லை. 1996-இல் அமெரிக்காவில் பாம் பைலட் என்ற கைக்கருவி வந்தது. மேசையில் ஒரு தாங்கி, அதில் வைத்து ஒரே பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரோடு கணக்கு நேராகிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் பல கருவிகளைச் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பயனர் பெயர் வேணும். ரெண்டுக்கு ஒரே பெயர் வைத்தால் ஒருவரின் முகவரிப் புத்தகம் இன்னொருவருடையதில் கலந்துவிடும். இத்தனை வருஷத்தில் கருவி மாறியிருக்கு, சிக்கல் அப்படியேதான் இருக்கு.

எல்லாப் போனையும் ஒரே நேரத்தில் சொருகாதீங்க. தனி மின்சாரம் இல்லாத சின்ன ஹப்பில் நாலு போனை மாட்டினால், ஒரு யு.எஸ்.பி. ஓட்டையின் மின்சாரத்தை நாலும் பங்கு போடும், பாதியில் ஒன்று துண்டாகும். ஒன்று முடிந்து அடுத்தது. போனில் எத்தனை கோப்பு, கம்ப்யூட்டரில் எத்தனை வந்தது, ரெண்டு எண்ணையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து போடுங்க. ரெண்டு எண்ணும் ஒத்துப்போகும் வரை போனில் எதையும் அழிக்க வேண்டாம். ஒத்துப்போன பிறகு, போனில் மக்களின் ஆதார் நகலையும் படத்தையும் வைத்திருக்காதீங்க. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்திருக்கு. உங்க சொந்தப் போனின் குடும்ப குரூப்புக்கு நடுவில் ஒரு விதவைப் பென்ஷன் மனு கிடப்பதை அந்த அம்மா விரும்ப மாட்டாங்க.

கடைசியா, எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் கேட்கும் கேள்வி. மூணாம் நம்பர் போன் கீழே விழுந்து உடைஞ்சு போச்சு, புதுசு வந்திருக்கு, அதே பேரை வைக்கலாமா? வேண்டாங்க. வைத்தால் பழைய மூணும் புது மூணும் ஒரே கோப்புறையில் கலந்துவிடும். நாளைக்கு யாராவது கேட்டால் எந்தப் படம் எந்தக் கருவியில் எடுத்தது என்று காட்ட முடியாது. பதிவேட்டில் மூணுக்கு நேராக 'பயன்பாட்டில் இல்லை' என்று தேதியோடு எழுதுங்க. புதுசு ஆறாம் நம்பர்.