வரம்பு உயர்கிறது, கூலி உயரவில்லை

(தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மானேசரில் ஒரு பண்டகக் கிடங்கில் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மாத ஊதியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அந்த ஊதியத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. வாடகை ஏறியிருக்கிறது, எண்ணெயும் பருப்பும் ஏறியிருக்கின்றன, ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகையும் ஏறியிருக்கிறது. ஒருநாள் அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. வாழ்த்துகளுடன் தொடங்கும் அந்தச் செய்தி, அவருடைய கடன் அட்டையின் வரம்பை 20,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்த்த அவர் தகுதி பெற்றுவிட்டார் என்றும், சம்மதம் தெரிவிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றும் கூறுகிறது.

ஊதிய உயர்வு கேட்டு ஒப்பந்ததாரர் முன் நின்றபோது அவருக்குக் கிடைக்காத மரியாதை இந்தச் செய்தியில் கிடைக்கிறது. முதலாளி அவருடைய உழைப்பின் மதிப்பை உயர்த்தவில்லை. வங்கி அவருடைய கடன்படும் ஆற்றலை உயர்த்தியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உழைக்கும் மக்களிடம் விளக்குவது இன்றைய அரசியல் பணிகளில் ஒன்றாகும்.

நாணயத்தை அளக்கும் எண்

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். 'நாணயமானவர்' என்று ஒருவரைச் சொன்னால், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பவர், சொன்ன சொல் தவறாதவர் என்பதே அதன் கருத்து. மளிகைக் கடைக்காரர் பற்று வரவு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தது அந்த நாணயத்தை நம்பித்தான். அதை அறிந்தவர்கள் தெருக்காரர்கள்.

இன்று அந்த நாணயத்தை 300 முதல் 900 வரையிலான ஓர் எண் அளக்கிறது. 2000ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இத்தொழிலுக்குச் சட்ட வடிவம் தந்தது. இப்போது நான்கு நிறுவனங்கள் இந்தியர்களின் கடன் வரலாற்றைத் தொகுக்கின்றன. அவற்றுள் சிபிலின் பெரும்பான்மைப் பங்குகள் டிரான்ஸ்யூனியன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கையில் உள்ளன. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மற்ற மூன்றும் பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

தவணையை உரிய நாளில் கட்டினாரா, அனுமதிக்கப்பட்ட வரம்பில் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தினார், எவ்வளவு காலமாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறார், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டார் என்பனவே இந்த மதிப்பெண்ணின் முதன்மையான அடிப்படைகள். அவர் நாளுக்கு எத்தனை மணிநேரம் உழைக்கிறார் என்பது இதில் இல்லை. பத்தாண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் வாடகை கொடுத்ததும், மளிகைக் கணக்கைத் தீர்த்ததும் இதில் இல்லை. வாழ்நாளில் யாரிடமும் கடன் வாங்காத ஒருவருக்கு இந்த ஏட்டில் மதிப்பெண்ணே கிடையாது. நாணயத்தை மெய்ப்பிக்க வேண்டுமானால் அவர் முதலில் கடனாளியாக வேண்டும். அதற்காகவே சில வங்கிகள், வைப்புத் தொகையை அடமானமாகப் பெற்றுக்கொண்டு அதன் பேரில் கடன் அட்டை வழங்குகின்றன. தன் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, அதன் பேரிலேயே கடன் வாங்கித் திருப்பிக் கட்டி, தான் நேர்மையானவர் என்று அவர் சான்று பெறுகிறார்.

வரம்பின் கணக்கு

வரம்பு உயர்ந்தால் மதிப்பெண்ணும் உயரும் என்று நிதி ஆலோசகர்கள் கூறுவது பொய்யன்று. அதன் கணக்கு எளிது. 20,000 ரூபாய் வரம்பில் 15,000 ரூபாய் செலவிட்டால் பயன்பாடு 75 சதவீதம். 1,00,000 ரூபாய் வரம்பில் அதே 15,000 ரூபாயைச் செலவிட்டால் பயன்பாடு 15 சதவீதம். பயன்பாடு 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பரவலாகத் தரப்படும் அறிவுரை. மனிதர் மாறவில்லை, ஊதியம் மாறவில்லை, செலவும் மாறவில்லை. எனினும் அவர் அதிக நம்பிக்கைக்குரியவராகிவிடுகிறார்.

ஆனால் வரம்பு உயர்ந்த பிறகும் செலவு 15,000 ரூபாயிலேயே நிற்கும் என்பதுதான் இந்த அறிவுரையின் நிபந்தனை. கூலி போதாத வீட்டில் அந்த நிபந்தனை நிலைப்பது கடினம். குழந்தைக்குக் காய்ச்சல் வரும். பள்ளிக் கட்டணத்துக்கு நாள் குறிப்பார்கள். ஆலையில் ஆட்குறைப்பு நடக்கும். அப்போது கையில் ரொக்கம் இருக்காது, அட்டையில் வரம்பு இருக்கும். ஊதாரித்தனத்தால் மட்டுமே மக்கள் கடன்படுகிறார்கள் என்னும் நடுத்தர வர்க்கப் பிரசங்கத்தைத் தோழர்கள் ஒருபோதும் திருப்பிச் சொல்லக்கூடாது.

குறைந்தபட்சத் தொகை என்னும் பொறி

முழு நிலுவையையும் கட்ட முடியாதவருக்கு வங்கி ஒரு சலுகை காட்டுகிறது. 'குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும்' என்கிறது. 50,000 ரூபாய் நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று கொள்வோம். அந்த மாதம் கட்டுவது 2,500 ரூபாய். அதில் வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். எஞ்சிய 435 ரூபாய் மட்டுமே அசலில் கழிகிறது. இப்படியே ஓராண்டு தவறாமல் கட்டினால், கட்டிய மொத்தம் ஏறத்தாழ 28,600 ரூபாய். நிலுவையில் இருப்பதோ இன்னும் ஏறத்தாழ 45,000 ரூபாய். இது அந்த ஆண்டில் அட்டையில் வேறெதுவும் வாங்காமல் இருந்தால் உள்ள கணக்கு. பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலமும் கிடைக்காது.

இந்தத் தொழிலாளி தவணை தவறியவர் அல்லர். வங்கியின் பார்வையில் அவர் நல்ல வாடிக்கையாளர். முழுத் தொகையையும் கட்டிவிடுபவரிடமிருந்து வங்கிக்கு வட்டி வருவதில்லை. கட்டவே முடியாதவரிடமிருந்து அசலும் வருவதில்லை. மாதந்தோறும் கட்டிக்கொண்டே இருந்தும் கட்டி முடிக்காதவரே வட்டி வருவாயின் ஊற்று. வரம்பு உயர்வு என்னும் வாழ்த்துச் செய்தி தேடி வருவது இவரைப் போன்றவர்களைத்தான்.

சட்டம் யார் பக்கம்?

மாதம் 3.5 சதவீதம் என்றால், கூட்டு வட்டியைக் கணக்கில் கொள்ளாமலேயே ஆண்டுக்கு 42 சதவீதம். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடை செய்யத் தமிழ்நாடு 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. தெருவில் வட்டிக்கு விடுபவர் மீது அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கலாம். வங்கியின் நிலை வேறு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு, வட்டி மிகையானது என்னும் காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்வதைத் தடுக்கிறது.

2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கடன் அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்த விதிகளைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. கைபேசித் திரையில் பொத்தானை அழுத்திய தொழிலாளியும் வங்கியும் சமமாக அமர்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சட்டம் கருதுகிறது.

வேலைக்கும் மதிப்பெண்

இந்த எண் கடனோடு நிற்கவில்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் தேர்வு எழுதி, எல்லாக் கட்டங்களையும் கடந்து பணி ஆணை பெற்ற ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று கூறி ரத்து செய்யப்பட்டது. 2025ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. வேலை இல்லாததால் தவணை தவறுகிறது. தவணை தவறியதால் வேலை மறுக்கப்படுகிறது. இந்த வட்டத்திலிருந்து வெளியேறும் வழியை எந்தக் கடன் அறிக்கையும் காட்டுவதில்லை.

கூலியின் இடத்தில் கடன்

உற்பத்தியில் நடக்கும் முதன்மைச் சுரண்டலுக்கு இணையாக, தொழிலாளி வாங்கிய கூலியிலிருந்து வணிகரும் வீட்டு உரிமையாளரும் கடன் கொடுப்பவரும் மீண்டும் பறிப்பதை, 'மூலதனம்' நூலின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் இரண்டாம் நிலைச் சுரண்டலாகச் சுட்டுகிறார். இன்றைய நிதி மூலதனம் இந்த இரண்டாம் நிலையைக் கோடிக்கணக்கானவர்களுக்கு விரித்துள்ளது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டில் புழக்கத்திலிருந்த கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அதே காலத்தில் குடும்பங்களின் கையிருப்பு கரைந்தது. 2022-23இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.1 சதவீதமாகச் சரிந்தது என்பது ரிசர்வ் வங்கி முதலில் வெளியிட்ட மதிப்பீடு. பல பத்தாண்டுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு.

ரிசர்வ் வங்கி இதைக் காணாமல் இல்லை. 2023 நவம்பரில், வங்கிகளின் கடன் அட்டை நிலுவைகளுக்கான இடர் எடையை அது 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதாவது, இத்தகைய கடனுக்கு ஈடாக வங்கிகள் கூடுதல் மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்றது. வங்கி மூழ்கிவிடக்கூடாது என்னும் கவலை அதில் தெரிகிறது. வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் கவலை தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, இருக்கும் உரிமைகளை மக்கள் அறியச் செய்ய வேண்டும். அட்டைதாரரின் சம்மதமின்றி வரம்பை உயர்த்தக்கூடாது. கேட்காமல் அட்டையைத் திணித்துக் கட்டணம் வசூலித்தால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் வங்கி செலுத்த வேண்டும். நிலுவையில்லாத அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலைநாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். அதில் உள்ள பிழை குறித்துப் புகார் செய்து 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக்கூடாது. வரம்பு மீறுவோர் மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இரண்டாவதாக, மதிப்பெண் தேவைப்படும் தொழிலாளிக்கு நேர்மையான ஆலோசனை தர வேண்டும். அட்டையையே தொடாதே என்று சொல்வது இன்று பலருக்குப் பொருந்தாது. வீட்டுக் கடனும் கல்விக் கடனும் அந்த எண்ணைக் கேட்கின்றன. முழு நிலுவையையும் மாதந்தோறும் கட்ட முடிகிற அளவுக்கு மட்டுமே அட்டையைப் பயன்படுத்த வேண்டும். அட்டையில் ரொக்கம் எடுக்கக்கூடாது. அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்தால் மதிப்பெண் குறையும். நெருக்கடியில் பேரம் பேசிக் குறைந்த தொகைக்குக் கணக்கை முடித்தால், அறிக்கையில் அது முழுமையாக அடைக்கப்பட்ட கடனாகப் பதிவாகாது என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வரம்பு உயர்வுக்குச் சம்மதம் கேட்கப்படும்போது அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: அடுத்த மாதம் வேலை போனால் இந்த வரம்பு எதற்குப் பயன்படும்?

மூன்றாவதாக, கோரிக்கைகளைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். கடன் அட்டை வட்டிக்குச் சட்டப்பூர்வ உச்சவரம்பு வேண்டும். 21ஏ பிரிவு தரும் பாதுகாப்பு நீக்கப்பட வேண்டும். வேலைவாய்ப்புக்குக் கடன் மதிப்பெண்ணை நிபந்தனையாக்குவது தடை செய்யப்பட வேண்டும. மக்களின் கடன் வரலாறு பன்னாட்டு நிறுவனங்களின் சரக்காக இல்லாமல் பொதுத்துறைப் பதிவேட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும். இவை அனைத்துக்கும் அடித்தளமாக, வாழ்வதற்குப் போதுமான குறைந்தபட்ச ஊதியமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். 1969ஆம் ஆண்டில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, கடன் என்பது உழவருக்கும் சிறு தொழிலுக்கும் போய்ச் சேர வேண்டிய சமூக வளம் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. அதை மீட்பதும் இந்தப் போராட்டத்தின் பகுதியே.

மானேசர் கிடங்குத் தொழிலாளியின் கைபேசியில் அந்தச் செய்தி இன்னும் விடை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. சங்கக் கூட்டத்துக்கு வரும்படி அழைக்கும் செய்தியும் அதே கைபேசிக்குப் போய்ச் சேர வேண்டும். கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் கடமை என்றும் பொருள் உண்டு. வர்க்கத்துக்குச் செலுத்த வேண்டிய அந்தக் கடனைக் கிளைகள் உடனே செலுத்தத் தொடங்க வேண்டும்.