குவாண்டம் கணிப்பொறியும் நம் காலத்துப் பூட்டுகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் குவாண்டம் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விடுதி வசதி, உதவித் தொகை, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியல்லவா பேச வேண்டும் என்று கேட்கவும் கூடும். அவை யாவும் இன்றியமையாதவையே. ஆயினும் ஒன்றை நாம் நினைவுகூர வேண்டும். எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்து, பஞ்சமி நிலத்தையும் பாட்டன் நிலத்தையும் இழந்தவர்கள் நம் முன்னோருள் பலர். அன்று எழுத்தே ஒரு பூட்டாக இருந்தது. அதன் திறவுகோல் பிறர் கையில் இருந்தது. இன்று நம் வங்கிக் கணக்கும், பட்டாவும், சாதிச் சான்றிதழும், மதிப்பெண் பட்டியலும் மின்னணுப் பதிவுகளாகிவிட்டன. அவற்றைக் காக்கும் பூட்டு எதனால் ஆனது? அதை உடைக்கவல்லது எது? இவற்றை அறியாதிருப்பதும் ஒருவகைக் கைந்நாட்டே ஆகும்.

முதலில் பூட்டைப் பார்ப்போம். 67-ஐ 89-ஆல் பெருக்குமாறு ஆறாம் வகுப்பு மாணவனிடம் கூறினால், ஒரு நிமிடத்தில் 5963 என்று விடை தருவான். ‘5963 எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன்?’ என்று திருப்பிக் கேட்டால், நெடுநேரம் வகுத்து வகுத்துப் பார்ப்பான். போவது எளிது, திரும்புவது அரிது. இந்த ஒருவழிப் பாதையையே பூட்டாக்கினர் அறிஞர் மூவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகியோர் அமைத்த இம்முறை, அவர்தம் பெயர்களின் முதலெழுத்துகளால் ‘ஆர்.எஸ்.ஏ.’ எனப்படுகிறது. பெருக்கி வந்த பேரெண்ணை ஊரறிய வெளியிடலாம். அதைக்கொண்டு யாரும் பூட்டலாம். அதன் காரணிகளை அறிந்தவர் மட்டுமே திறக்கலாம்.

அதே 1977-இல் 129 இலக்க எண் ஒன்று அறைகூவலாக வெளியிடப்பட்டது. அதன் காரணிகள் 1994-இல்தான் கண்டறியப்பட்டன. அதற்கு ஏறத்தாழ 600 தொண்டர்களின் உழைப்பும், 1600 கணிப்பொறிகளும் தேவைப்பட்டன. இன்று பரவலாக வழங்கும் பூட்டு எண்ணுக்கு 617 இலக்கங்கள். அதைச் சாதாரணக் கணிப்பொறிகளால் உடைக்க எவராலும் இயலவில்லை.

இனிக் குவாண்டம் கணிப்பொறிக்கு வருவோம். அணுவுலகின் விதிகளைக் கொண்டே கணிக்கும் இயந்திரம் வேண்டும் என்னும் கருத்தை இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன் 1981-இல் எடுத்துரைத்தார். சாதாரணக் கணிப்பொறியின் அடிப்படை அலகு 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். ‘கியூபிட்’ எனப்படும் குவாண்டம் அலகோ இரண்டும் கலந்த நிலையில் இருக்கவல்லது. இதைக் கேட்டவுடன், ‘எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் இயந்திரம் இது’ என்று பலர் எழுதிவிடுகின்றனர். அது அரைகுறை விளக்கமே. அளந்து பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடைதான்.

குளத்தில் இரண்டு கற்களை எறிந்து பாருங்கள். இரு அலைகள் பரவுகின்றன. முகடும் முகடும் சேருமிடத்தில் அலை உயர்கிறது. முகடும் அகடும் சேருமிடத்தில் நீர் அடங்குகிறது. குவாண்டம் கணிப்பொறியின் வித்தை இதுவே. தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழிக்குமாறும், சரியான விடையின் அலை ஓங்குமாறும் கணக்கை அமைத்தல் வேண்டும். எல்லாக் கணக்கையும் அவ்வாறு அமைக்க இயலாது. சிலவற்றை மட்டுமே இயலும். அச்சிலவற்றுள் ஒன்றாக அமைந்துவிட்டது நம் பூட்டு.

அதைக் கண்டறிந்தவர் பீட்டர் ஷோர், ஆண்டு 1994. அவருடைய வழியைக் கரும்பலகையிலேயே விளக்கலாம். 15-இன் காரணிகளைத் தேடுவதாகக் கொள்வோம். 1, 2, 4, 8, 16, 32 என இரண்டின் அடுக்குகளை எழுதி, ஒவ்வொன்றையும் 15-ஆல் வகுத்து மீதியைக் குறியுங்கள். 1, 2, 4, 8, மீண்டும் 1, 2, 4, 8 என வரும். நான்குக்கு ஒருமுறை சுழல்கிறது. நான்கில் பாதி இரண்டு; 2-இன் இரண்டாம் அடுக்கு 4. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3, ஒன்றைக் கூட்டினால் 5. மூவைந்து பதினைந்து! பூட்டு திறந்துவிட்டது. பேரெண்ணாயின் இச்சுழற்சி எண்ணமுடியாத அளவுக்கு நீளும். சாதாரணக் கணிப்பொறி திகைத்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதோ அலைகளுக்குக் கைவந்த கலை. மாணவர்களே, இந்த மீதிக் கணக்கு நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ‘மட்டு எண்கணிதம்’ என்னும் தலைப்பில் உள்ளதுதான். இரண்டு மதிப்பெண் வினா என்று அதை ஒதுக்கிவிட வேண்டா.

அப்படியாயின் இன்றே பூட்டுகள் உடைந்துவிட்டனவா? இல்லை. கியூபிட்டுகள் மிக மென்மையானவை. சிறு வெப்பமும் சிறு அதிர்வும் அவற்றின் நிலையைக் குலைத்துவிடும். அதனால் பலவகை இயந்திரங்களில் அவற்றைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகில் குளிரூட்டி வைக்கின்றனர். 2001-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 7 கியூபிட்டுகளைக் கொண்டு, நாம் மேலே கண்ட 15 என்னும் எண்ணைக் காரணிப்படுத்தினர். 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் 105 கியூபிட்டுகள் கொண்ட ‘வில்லோ’ சில்லை அறிவித்தது; பல கியூபிட்டுகளைக் கூட்டாக அமைக்க அமைக்கப் பிழை குறைவதை அதில் காட்டினர். 617 இலக்கப் பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட்டுகள் தேவை என 2019-இல் கணக்கிட்டனர். 2025-இல் வந்த கணக்கோ, பத்து இலட்சத்திற்கும் குறைவானவையே போதும் என்கிறது. மனித அறிவு கணக்கைச் செம்மைப்படுத்தியதாலேயே தேவை இவ்வளவு சுருங்கியது என்பதை இளைஞர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

‘இயந்திரம் வந்த பின் பார்த்துக்கொள்வோம்’ என்று இருத்தலும் ஆகாது. பூட்டிய பெட்டியை இன்றே களவாடி வைத்துக்கொண்டு, திறவுகோல் கிடைக்கும் நாளில் திறக்கலாம் அல்லவா? இன்று அனுப்பும் மறைச்செய்தியைப் படியெடுத்து வைத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துப் படிக்கலாம். கடவுச்சொல்லை நாம் மாற்றிக்கொள்ளலாம். கைரேகையையும், நோய் வரலாற்றையும், பிறப்பையும் மாற்ற இயலாது. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு, தம்மைப் பற்றிய பதிவு எவர் கைக்கும் போகாதிருத்தல் மானத்தின் பாற்பட்டதாகும்.

மாற்று வழியும் பிறந்துள்ளது. குவாண்டம் கணிப்பொறிக்கும் அடங்காத புதிய பூட்டுகளைத் தருமாறு அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2016-இல் உலக அறிஞர்களை அழைத்தது. எட்டாண்டு ஆய்வுக்குப் பின், 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகள் வெளியாயின. இடையில் நடந்த ஒன்று நமக்குப் பாடமாகும். இறுதிச் சுற்றுகள் வரை வந்த ‘சைக்’ என்னும் பூட்டை, 2022-இல் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் இருவர் சாதாரணக் கணிப்பொறியிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டனர். விலையுயர்ந்த இயந்திரம் செய்யாததைத் தாளும் எழுதுகோலும் செய்தன.

வணிகத்திற்கு வருவோம். நாடெங்கும் உள்ள வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தம் பழைய பூட்டுகள் எங்கெங்கு உள்ளன என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றாக மாற்றியாக வேண்டும். அது பல ஆண்டுப் பணி. பயிற்சி பெற்றோர்க்கு அதில் வேலை உண்டு. மருந்து, உரம், மின்கலம் ஆகியவற்றின் மூலக்கூறுகளை ஆராய்வதில் குவாண்டம் கணிப்பொறி பெரிதும் பயன்படும் என எதிர்பார்க்கின்றனர். ஆயினும் இன்று வரை அது ஆய்வுக்கூட நிலையிலேயே பெரும்பாலும் உள்ளது. ‘குவாண்டம்’ என்னும் பெயரைச் சொல்லி இரட்டிப்புப் பணம் தருவதாக எவரேனும் வந்தால், வாசலிலேயே வழியனுப்புங்கள். இன்று நம்மவர் கணக்கில் நடக்கும் திருட்டுகளில் பூட்டு உடைபடுவதில்லை. தொலைபேசியில் கேட்பவனிடம் நாமே திறவுகோல் எண்ணைச் சொல்லிவிடுகிறோம்.

நம் நாடும் விழித்துக்கொண்டுள்ளது. 2023 ஏப்ரலில் நடுவண் அரசு 6,003 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளது. அம்மையத்தின் வாயிலில் நம் பிள்ளைகள் காவலராக மட்டும் நிற்கப் போகிறார்களா, ஆய்வாளராகவும் உள்ளே அமரப் போகிறார்களா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஒரு எண் பகா எண்தானா என்று விரைந்து அறியும் வழியை 2002-இல் கான்பூரில் மூவர் கண்டறிந்தனர். மணீந்திர அகர்வால் என்னும் பேராசிரியருடன் நின்ற நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள். அண்ணல் அம்பேத்கர் தம் காலத்துப் பணத்தின் இயல்பை இலண்டனில் ஆராய்ந்து, ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-இல் நூல் வெளியிட்டார். ‘பொருளியல் நமக்கெதற்கு?’ என்று அவர் ஒதுங்கவில்லை. ‘குவாண்டம் நமக்கெதற்கு?’ என்று நாமும் ஒதுங்கலாகாது.

ஆகவே சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பில் கணிதத்திற்கு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளை அதில் முன்வரிசையில் அமர்த்துங்கள். கணக்கு வராது என்று எந்தப் பிள்ளையிடமும் எவரும் சொல்லாதிருக்கட்டும். நம்மிடம் எழுத்து வராது என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் இருந்தார்கள். பொன்விழா காணும் நாளில், நம் காலத்துப் பூட்டைச் செய்தவர்களுள் ஒருவரேனும் இம்மேடையில் நின்று பேச வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.