தோலும் பட்டும் சொல்லும் பாடம்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற மாணவர் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஏக இறைவனின் திருப்பெயரால்...

   

நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த ஊர் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிப்பதற்காக வந்தது காஞ்சிக் கடிகைக்குத்தான். நாளந்தாவின் தலைமைப் பொறுப்பை வகித்த தர்மபாலர் இந்த மண்ணில் பிறந்தவர். 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே வந்து போனார். இத்தகைய ஊரில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன். ஒலிமுகமது பேட்டையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறார்கள்?

பதில் உங்களுக்கே தெரியும். 2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கூறியது. மொத்த மக்கள் தொகையில் அது சுமார் 7 விழுக்காடு. பட்டப்படிப்பிலேயே இந்த நிலை என்றால் ஆராய்ச்சி பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மேற்கோள் என்னும் சங்கிலி

ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று இன்று உலகம் கணக்கெடுக்கிறது. இந்தக் கணக்குக்கு வழி செய்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு. ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் எங்கெல்லாம் எடுத்தாண்டன என்று வழக்கறிஞர்களுக்குக் காட்டும் பட்டியல் அங்கே முன்பே இருந்தது. அதே முறையை அறிவியலுக்குப் பொருத்தி 1964ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அவர் வெளியிட்டார். 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இன்னொரு அளவுகோலைத் தந்தார். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாவற்றிலும் இன்று இந்த எண்கள் நுழைந்துவிட்டன.

முஸ்லிம்களாகிய நமக்கு இது புதிய செய்தியா? ஹதீஸ் கலையைப் பாருங்கள். இன்னார் எனக்கு அறிவித்தார், அவருக்கு இன்னார் அறிவித்தார் என்று சங்கிலித் தொடராகச் சொல்லாமல் நம் இமாம்கள் ஒரு செய்தியையும் ஏற்றதில்லை. அத்தோடு நிறுத்தினார்களா? அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் விசாரித்தார்கள். பத்து வழிகளில் வந்த செய்தியானாலும் பத்தும் ஒரே பொய்யரிடம் போய் முடிந்தால் அதைத் தள்ளினார்கள். எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஆனால் எடை பார்க்காத எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. மேற்கோள் கணக்கைப் பார்க்கும்போது இந்த விதியை மறவாதீர்கள்.

ஒரு தமிழக உதாரணம்

ஜி.என். ராமச்சந்திரன் 1922ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது ராமன் இவரைக் கைகாட்டினார். 1952ல் இவர் பொறுப்பேற்றபோது வயது சுமார் முப்பதுதான்.

சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் உள்ளமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். கொலாஜன் என்றால் என்ன? தோலுக்கு உறுதி தரும் புரதம். நம்மவர்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தலைமுறை தலைமுறையாகப் பதனிடுகிறார்களே, அந்தத் தோலின் உயிர்நாடியே அதுதான்! 1948ல் அடையாறில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கிவந்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ்ரே படம் எடுத்தார். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய அமைப்பு அது என்று 1954ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

உடனே எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் மரபணுவின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கிரிக், மற்றவர் ரிச். இந்த அமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றார்கள். ராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை, வெறும் வாய்ச்சண்டையிலும் இறங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்க முடியும் என்று, அதுவரை வெளியான படிக ஆய்வுகளையெல்லாம் அலசினார். அந்த உழைப்பில் விளைந்ததுதான் 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்பதை ஒரே கட்டத்துக்குள் அது காட்டிவிடுகிறது. புதிதாகக் கண்டறியும் புரத அமைப்பு சரிதானா என்று பார்க்க இன்றும் உலகெங்கும் அந்தப் படத்தையே நாடுகிறார்கள்.

காஞ்சிக்காரர்களே, இன்னொரு செய்தி கேளுங்கள். உங்கள் தறியில் ஓடும் பட்டும் புரதம்தான். பட்டிழையின் நீட்சியான அமைப்பும் தோலின் முறுக்கு அமைப்பும் அந்த வரைபடத்தின் மேல் இடப் பக்கத்தில் அண்டை வீட்டார்போல் இருக்கின்றன!

1971ல் அவர் வேறொரு துறைக்குப் போனார். எக்ஸ்ரே நிழல்களைக் கொண்டு முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்க, லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து எளிய கணக்கு முறை ஒன்றைத் தந்தார். சி.டி. ஸ்கேன் கணக்குகளின் வளர்ச்சியில் அதற்கு இடமுண்டு.

எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

இவரை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்? புரத ஆய்வாளர்களுக்கு ஒரு ராமச்சந்திரனைத் தெரியும். ஸ்கேன் துறையினருக்கு ஒரு ராமச்சந்திரனைத் தெரியும். இருவரும் ஒருவரே என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய வரைபடமோ பாடநூலிலேயே கலந்துவிட்டது. பயன்படுத்தும் பலர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடாமலே போகிறார்கள். ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டால் கணக்கேட்டில் வரவு குறைகிறது!

துறைக்குத் துறை வழக்கமும் வேறு. மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்கு மேற்கோள்கள் மளமளவென்று குவியும். கணிதத்தில் மெதுவாகத்தான் வரும். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டு நெய்யும் முகூர்த்தப் புடவைக்காரரையும், சாதாரணச் சேலை நெய்பவரையும் மாதம் எத்தனை உருப்படி என்று மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னால் இந்த ஊர் ஏற்குமா? இரு துறை ஆய்வாளர்களை ஒரே எண்ணால் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

எண்ணுக்கு மயங்குபவர்களை நம்பியே ஒரு வியாபாரமும் நடக்கிறது. பணம் கட்டினால் பரிசோதனையின்றிக் கட்டுரை போடும் இதழ்கள் முளைத்திருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்துப் பெயர் வாங்காதீர்கள். அது ஹலாலான சம்பாத்தியம் ஆகாது.

சமுதாயம் செய்ய வேண்டியது

தோல் நம் கையில் இருந்தது. அதன் உள்ளமைப்பைக் கண்ட ஆய்வு மேசையில் நாம் இல்லை. இதற்கு யாரையும் குறை கூறிப் பயனில்லை. மேசை அருகில் போய் உட்கார என்ன வழி என்று பார்ப்போம்.

முதலாவது, அரசிடம் நம் கோரிக்கை. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022ல் நிறுத்தியது. வேறு திட்டங்களோடு ஒத்திருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவ, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி மாணவர்களும் பயன்பெற்ற திட்டம் அது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று ஒன்றுபட்டுக் குரல் கொடுப்போம்.

இரண்டாவது, அரசு தரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலிலிருந்து ஓர் ஆய்வு மாணவரையேனும் தாங்கட்டும். திருமண மண்டபத்து ஆடம்பரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலே போதும்.

மூன்றாவது, மாணவர்களே, உங்கள் தெருவிலிருந்தே ஆய்வுப் பொருளை எடுங்கள். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாலாறுதான் காஞ்சி வழியாகக் கடலுக்குப் போகிறது. உப்பும் குரோமியமும் இல்லாமல் தோல் பதனிடுவது எப்படி? பட்டுச் சாயக் கழிவைச் சுத்தம் செய்வது எப்படி? இவற்றுக்கு நல்ல விடை காண்பவரை உலகம் தேடிவந்து மேற்கோள் காட்டும். காட்டாவிட்டாலும் ஆற்றங்கரை மக்கள் நல்ல தண்ணீர் குடிப்பார்கள். பயன் தரும் கல்வி, மனிதன் இறந்த பின்னும் நன்மை சேர்க்கும் என்பது நம் நம்பிக்கையல்லவா?

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.