மனித உரிமையும் மனச்சான்றும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனித உரிமை என்பது வழக்கறிஞர்களின் பேச்சு, ஆலய மண்டபத்தில் அதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் 1948ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி அதைப் பற்றி வாதிட்டபோது எழுந்த மிகக் கடினமான வினாக்களுள் ஒன்று, இறைவனைப் பற்றியதாகவே இருந்தது. மனிதனுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? ஆண்டவன் அருளியதா, இயற்கையிலேயே அமைந்ததா, அரசு பார்த்துக் கொடுப்பதா? இவ்வினாவுக்கு அன்று கூடியிருந்தோர் ஒருமித்த விடை காணவில்லை. விடை காணாமலேயே அவர்கள் ஒன்றுபட்டார்கள் என்பதே வியப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவுறாத வேளை. 1947ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நியூயார்க்கை அடுத்த லேக் சக்ஸஸ் என்னுமிடத்தில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் மனித உரிமை ஆணையம் கூடியது. அமெரிக்க அதிபராக இருந்து மறைந்த ரூசவெல்ட்டின் துணைவியார் எலினோர் அம்மையார் அதற்குத் தலைமை ஏற்றார். பிரான்சின் ரெனே காசான், சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்ல்ஸ் மாலிக், இந்தியாவின் ஹன்சா மேத்தா அம்மையார் ஆகியோர் அதில் பங்காற்றியோருள் சிலர்.

இவர்கள் ஏட்டறிவை மட்டும் கொண்டு பேச வந்தவர்கள் அல்லர். காசான் யூதர், தம் உறவினர் பலரை நாஜிகளின் கொலை முகாம்களில் இழந்தவர், பகைவருக்கு அடங்கிய அன்றைய பிரெஞ்சு அரசால், அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதிக்கப்பெற்றவர். சாங் பணியாற்றிய நன்காய் பல்கலைக்கழகம் 1937ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானியரின் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. ஹன்சா மேத்தா நாகர பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சாதி கடந்து மருத்துவர் ஜீவராஜ் மேத்தாவை மணந்து, சமூகத்தாரின் எதிர்ப்பைத் தாங்கியவர். 1932இல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். துன்பம் மனிதனை உயர்த்தும் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லப்படுவதுண்டு. எல்லாரையும் அது உயர்த்திவிடுவதில்லை. பழிதீர்க்கும் எண்ணத்திலேயே எரிந்து போனோரும் பலர். இவர்களோ தாம் பட்ட துன்பத்தை, பிறர் படாதிருக்க வேண்டிய துன்பமாகக் கண்டார்கள்.

தொடக்கத்திலேயே கருத்து மோதல் எழுந்தது. நியூயார்க்கில் எலினோர் அம்மையாரின் இல்லத்தில் ஒரு தேநீர் வேளை. மாலிக் மேலைத் தத்துவத்தில் ஆழ்ந்த புலமை உடையவர், உறுதியான கிறிஸ்தவர். சாங்கோ உண்மை ஒரே வகையானதன்று என்று வாதிட்டார். வரைவு எழுதப்போகும் அலுவலர்கள் முதலில் சில மாதங்கள் கன்பூசியஸின் கொள்கைகளைப் பயிலட்டும் என்றும் சொன்னார்! அப்பேச்சின் ஆழத்தில் எலினோர் அம்மையாரே வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டாராம்.

முதல் விதியில் மனிதருக்கு அறிவு உண்டு என்று மட்டும் முதலில் குறிக்க எண்ணினர். அது போதாது என்றார் சாங். சீன மொழியில் ‘ரென்’ என்றொரு சொல் உண்டு. ‘மனிதன்’ என்ற குறியையும் ‘இரண்டு’ என்ற குறியையும் இணைத்து எழுதப்படுவது. அடுத்திருக்கும் ஒருவனின் இன்பதுன்பத்தைத் தன் உள்ளத்தில் உணர்தல் என்பது அதன் கருத்து. தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘கண்ணோட்டம்’ எனலாம். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயரான அச்சொல்லை இன்று நாளிதழ்கள் வெறும் பார்வைக் கோணம் என்ற பொருளில் வழங்குகின்றன. அருமையான சொல் தேய்ந்துபோயிற்று. ‘ரென்’ என்பதற்கு ஈடான சொல் ஆங்கிலத்தில் கிட்டாமல், ‘மனச்சான்று’ என்று பொருள்படும் சொல்லையே அங்கு அமைத்தனர்.

ஹன்சா மேத்தா மாற்றியது வேறொரு சொல். ஆங்கிலத்தில் ‘மென்’ என்பது ஆடவரையும் குறிக்கும், மாந்தர் அனைவரையும் குறிக்கும். பெண்களையும் உள்ளடக்கியதாகவே எல்லாரும் அதைக் கொள்வர் என்று எலினோர் அம்மையாரே கருதினார். ஹன்சா மேத்தா உடன்படவில்லை. பெண்ணை விலக்கிவைக்க வழி தேடுவோர் அச்சொல்லையே பிடித்துக்கொள்வர் என்று எச்சரித்தார். முடிவில் ‘மனிதப் பிறவியர் அனைவரும்’ என்ற பொருளில் வாசகம் திருத்தப்பட்டது. தமிழில் ‘மக்கள்’ என்றால் இச்சிக்கலே எழுவதில்லை. எனினும் மக்கள் என்று சொல்லும் வாயே பெண்ணை ஒதுக்கிய கதைகள் இங்கும் உண்டு.

1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வரைவு பாரிஸ் நகரில் பொதுப் பேரவையின் குழு ஒன்றின் முன் வந்தது. மாலிக் தலைமையில் எண்பதுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடந்தன. மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்று முதல் விதியில் சேர்க்க வேண்டும் எனப் பிரேசில் நாட்டுப் பிரதிநிதி முன்மொழிந்தார். பக்தி உள்ளம் கொண்டோருக்கு இது உவப்பாகவே தோன்றும். சாங் எழுந்தார். மனித குலத்தின் ஒரு பெரிய பகுதி தம் நாட்டில் வாழ்கிறது. அவர்களுக்கும் உயர்ந்த மரபுகள் உண்டு. அவற்றைப் பிறர் மேல் சுமத்த அவர் கோரவில்லை. அதே அடக்கத்தைப் பிறரிடமும் எதிர்பார்ப்பதாகச் சொன்னார். பிரேசில் தன் திருத்தத்தை மீட்டுக்கொண்டது. ‘இயற்கையால்’ என்ற சொல்லும் நீக்கப்பட்டது. கடவுளை நம்புவோர், நம்பாதோர் இருவருமே தத்தம் காரணத்தை விட்டுக்கொடுத்தார்களில்லை. அதை ஏட்டில் எழுதாமல் உள்ளத்தில் வைத்துக்கொள்ள இசைந்தார்கள். பிற சமயத்தார் நடுவே வாழும் இந்நாட்டுப் பக்தர்களுக்கு அந்த இசைவின் அருமை சொல்லாமலே விளங்கும்.

உரிமை மட்டும் போதுமா, கடமை எங்கே என்ற குரலும் எழாமலில்லை. காந்தியடிகளிடம் யுனெஸ்கோ கருத்துக் கேட்டபோது, கடமையைச் செவ்வனே ஆற்றுவதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்பதை எழுத்தறியாத தம் தாயாரிடமே கற்றதாக 1947இல் மறுமொழி எழுதினார். கடமை பற்றிய விதி, முப்பது விதிகளுள் 29ஆவதாக இடம்பெற்றது.

1948 டிசம்பர் 10ஆம் நாள் வாக்கெடுப்பு. 58 உறுப்பு நாடுகளுள் 48 ஆதரித்தன. எதிர்த்தவை எவையும் இல்லை. சோவியத் அணி நாடுகள், தென்னாப்பிரிக்கா, சவூதி அரேபியா என எட்டு நாடுகள் ஒதுங்கி நின்றன. இரண்டு நாடுகள் வாக்களிக்கவில்லை. அது ஒப்பந்தமன்று, பிரகடனம். அரசாங்கக் கோப்புகளோடு பழகியோர் இவ்வேறுபாட்டை நன்கறிவர்: மீறினால் தண்டிக்க அதில் வழியில்லை.

அன்று மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த அவையில் இருக்கை கிடையாது. ஐந்தாண்டுகளுக்கு முன்புதான், 1942, 1943ஆம் ஆண்டுகளில், இம்மண்ணின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தனர். அங்கு இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவ்வாறு இருப்பதும் முறையே. தமிழ்த் தொழிலாளருக்கோ பெயரும் இல்லை, சரியான தொகையும் இல்லை. பாரிஸ் மண்டபத்தில் அவர்களைப் பற்றிப் பேச எவரும் செல்லவில்லை.

பிரகடனத்தின் 6ஆம் விதி மிகச் சிறியது. ஒருவர் எவ்விடத்திலிருந்தாலும் சட்டத்தின் முன் மனிதராக ஏற்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். தன்னாட்சி பெறாத நாட்டினருக்கும் இவ்வுரிமைகள் வேறுபாடின்றி உரியவை என 2ஆம் விதி கூறுகிறது. அந்த 2ஆம் விதி எழுதப்பட்டபோது, மலாயா விடுதலை பெற இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. 1957 செப்டம்பர் 17ஆம் நாள் மலாயாவும், 1965 செப்டம்பர் 21ஆம் நாள் சிங்கப்பூரும் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் தத்தம் இருக்கையில் அமர்ந்தன.