கொல்லையில் கற்ற சொற்கள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களையும் வகுப்பில் தடையின்றிச் சொல்வேன். கண்ணால் கண்டவை இருபதும் தேறா. அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என்னும் வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது முனைவர் பட்ட ஆய்வன்று. கோரிப்பாளையத்து வீட்டுக் கொல்லையில் என் மாமியார் பதியன் வைத்த மல்லிகையே. காலையில் அரும்பாகக் கொய்வார். மாலையில் அது கூடையிலேயே வாய் திறக்கும். பாத்திரம் கழுவிய நீரில் கத்தரியும் கீரையும் தழைத்தன. முருங்கையோ கேளாமலே காய்த்தது, தெருவுக்கே கொடுத்தோம். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அதற்குள் எங்கள் கொல்லையில் மகனுக்கென ஓர் அறை எழுந்துவிட்டது, இசைந்தவளும் நானே. மல்லிகை இப்போது மாடித் தொட்டியில். இன்று காலை ஏழு அரும்புகள் கொய்து சூடி வந்தேன். அரங்கில் மணம் வந்தால், அவை விரிகின்றன என்று கொள்க.