நீங்கா நோவும் மூளையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'வலி' என்னுஞ் சொல் நம் பண்டை நூல்களிற் பெரும்பாலும் ஆற்றலையே குறிக்கும். துன்பத்தை அக்காலத்தார் நோவு என்றும் நோய் என்றும் வழங்கினர். யான் இன்று பேச எடுத்துக்கொண்டது நோவாகிய வலியைப் பற்றியதாகும். அதிலும், வெளிப்படையான காரணம் ஒன்றுமின்றி ஆண்டுக்கணக்காய் நிற்கும் முதுகு நோவைப் பற்றியது.

இந்நோவுடையார் இல்லாத இல்லம் அரிது. நாடோறும் மாத்திரை விழுங்கி இரைப்பை புண்பட்டாரும் சிறுநீரகங் கெட்டாரும் உளர். படம் பிடித்தும் இரத்தஞ் சோதித்தும் குறையொன்றுங் காணாவிடத்து, வீட்டார், "உனக்கு ஒன்றுமில்லை, வேலைக்கு அஞ்சிச் சாக்குச் சொல்கின்றாய்" என்கின்றனர். இச்சொற் கேட்டு அடுக்களையிற் கண்ணீர் வடிக்கும் மருமகப் பெண்கள் பலர். அச்சொல் கொடிது, அதனோடு பொய்யுமாம்.

எங்ஙனமெனின், நோவென்னும் உணர்வு மூளையில் எழுவது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிற் பணிபுரிந்த பீச்சர் என்னும் அமெரிக்க டாக்டர், கடும் புண்பட்ட போர்வீரருள் ஏறத்தாழ நான்கில் மூவர் நோவடக்கும் மருந்து வேண்டாமென்றதைக் கண்டு 1946-இல் எழுதினார். உயிர் தப்பினோம் என்னும் எண்ணமே நோவைத் தணித்ததென்பது அவர் கருத்து. பெரும் புண்ணிருந்தும் நோவு குறையக்கூடுமாயின், புண்ணின்றியும் நோவு நிற்றல் கூடுமன்றோ? ஒருமுறை கள்வன் புகுந்த வீட்டின் காவற்காரன், பின்னர்ச் சருகு அசையினுங் கூவுவான். அவன் கூவுதல் நடிப்பன்று, மெய்யாகவே அஞ்சுகின்றான். நாம் அஞ்ச அஞ்ச அவன் கூக்குரலும் மிகும்.

அக்காவற்காரனைத் தெளிவித்தல் கூடுமோ என அமெரிக்காவிற் கொலராடோ நாட்டுப் போல்டர் நகரில் ஆராய்ந்தனர். முடிபு 2021-இல் வெளிவந்தது. முதுகு நோவுடையார் 151 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு நான்கு வாரத்தில் எட்டு முறை உளநூல் வல்லார் பயிற்சியளித்தனர். மருந்துமில்லை, தைலமுமில்லை. "உம் நோவு மெய்யே, ஆயின் அது முதுகு பழுதுற்றதன் அறிகுறியன்று" என்று காரணங்காட்டித் தெளிவித்தனர், அஞ்சி விலக்கிய குனிதலையும் அமர்தலையும் அச்சமின்றிச் செய்வித்து, அவ்வேளை எழும் நோவை அமைதியாய் உற்றுநோக்கப் பழக்கினர். இரண்டாம் பிரிவினர்க்கு, உப்புநீரே என்று சொல்லியே ஊசி போட்டனர். மூன்றாமவர் தம் வழக்கமான சிகிச்சையையே தொடர்ந்தனர்.

பயிற்சி பெற்றாருள் 100-க்கு 66 பேர் நோவு முற்றும் அல்லது பெரும்பாலும் நீங்கப்பெற்றனர். உப்புநீர்ப் பிரிவில் 20, மூன்றாவதில் 10. ஓராண்டு கழித்தும் அந்நலம் பெரிதும் நிலைத்தது. எம். ஆர். ஐ. கருவியுள் அவர்களைக் கிடத்தி முதுகில் நோவெழுப்பிப் பார்த்தபோது, நோவின் அச்சுறுத்தலை அளவிடுதற்குத் தொடர்புடைய மூளையின் முற்பகுதிகள் சில முன்னிலும் குறைவாகவே கிளர்ந்தன. பேச்சும் பழக்கமும் மூளைவரை சென்று எட்டியது எனக்குப் பெருவியப்பே.

ஆயினும் இஃது ஓர் ஊரில் நடந்த ஓர் ஆராய்ச்சியே. சேர்ந்தோரும் மிதமான நோவுடையாரே. எல்லா நோவுக்கும் இது பொருந்துமென யான் கூறேன். முதலில் டாக்டரிடம் காட்டி, உள்ளே கேடில்லையெனத் தெளிந்த பின்னரே இவ்வழியை நாடுதல் வேண்டும். முதுகு நோவோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கால் சோர்தல், சிறுநீரோ மலமோ அடக்கலாகாமை என்பவற்றுள் ஒன்று கூடினும், பயிற்சியென்று காலந்தாழ்த்தாது அன்றே மருத்துவமனைக்குச் செல்க.